ஒரு மொழி, இரு பணி

நுழையும்முன்

கதை எழுதுபவரும் விளம்பரம் எழுதுபவரும் ஒரே மொழியைத்தான் கையாளுகின்றனர். இருவரும் சுருக்கத்தை விரும்புகின்றனர். முதல் வரியிலேயே படிப்பவரின் கண்ணை நிறுத்த முயல்கின்றனர். ஆயினும் ஒருவர் படைப்பது இலக்கியமாகிறது. மற்றவர் படைப்பது விற்பனைக்குத் துணையாகிறது. இவ்விரு எழுத்தும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஒருவரை முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

இரண்டாகப் பிரியும் நீர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே தொடர்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகிறது. காவிரி வயல்களுக்குப் பாசன நீரைக் கொண்டு செல்கிறது. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளக் காலத்து மிகைநீரைத் தாங்கிக் கடலில் சேர்க்கிறது. இரண்டிற்கும் இடையே தீவாக அமைந்திருக்கிறது திருவரங்கம். இரண்டிலும் ஓடும் நீர் ஒன்றே. அது செய்யும் பணிதான் வேறு.

மொழியும் அத்தகையதே. அதே சொற்கள், அதே இலக்கணம், அதே எழுத்துகள். ஓரிடத்தில் அவை வாழ்க்கையை உணர்த்துகின்றன. மற்றோர் இடத்தில் ஒரு பொருளை வாங்குமாறு அழைக்கின்றன. முன்னதைப் படைப்பெழுத்து என்றும், பின்னதை விளம்பர எழுத்து என்றும் கூறலாம். விளம்பர எழுத்தைத் தாழ்வானது என ஒதுக்குவதும், படைப்பெழுத்தைப் பயனற்றது என எண்ணுவதும் பிழையாகும். இரண்டும் உழைப்பால் கைவரும் கலைகளே. எனினும், இரண்டிற்கும் உரிய அறம் ஒன்றன்று. அந்த வேறுபாட்டை உணராதவர் நல்ல எழுத்தாளராதலும் அரிது. ஏமாறாத வாசகராதலும் அரிது.

பெயர் செய்யும் பணி

திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூர், முற்காலச் சோழரின் தலைநகரம். மெல்லிய பருத்தி ஆடைக்கு அது பெயர் பெற்றிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வணிகக் கையேடு, 'அர்காரு' என்னும் ஊரையும், அவ்வூரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. அந்த அர்காரு உறையூரே என்பது ஆய்வாளர் கருத்து. துணியின் தரத்தை விளக்கப் பல சொற்கள் தேவைப்படவில்லை; ஊரின் பெயரே போதுமானதாயிற்று. நல்ல விளம்பரத்தின் முதல் பாடம் இதுவே: மெய்யான தரம் முன்னே செல்கிறது; பெயர் அதன்பின் வந்து நிற்கிறது.

படைப்புலகிலும் பெயருக்கு இத்தகைய பணி உண்டு. 1962ஆம் ஆண்டு குமுதம் இதழில் 'இடது ஓரத்தில்' என்னும் சிறுகதை வெளியானது. எழுதியவர் எஸ். ரங்கராஜன். அதே இதழில் ரா.கி. ரங்கராஜன் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் பணியாற்றி வந்தார். பெயர்க்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக ஏற்றார். 'சுஜாதா' என்னும் அப்பெயர் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் வாசகர்களிடையே நிலைத்து நின்றது. பெயர் வாசகரை அழைத்தது. அழைத்தவரைத் தங்கச் செய்தது எழுத்து.

திருவரங்கத்துச் சிறுவன்

சுஜாதா 1935ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையார் பணிநிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறியதால், திருவரங்கத்தில் பாட்டியின் வளர்ப்பில் வளர்ந்தார். அங்கே பள்ளிக்கல்வியை முடித்து, ஆற்றைக் கடந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ச் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்றார். நடுவண் அரசின் வானூர்திப் போக்குவரத்துத் துறையிலும், பின்னர்ப் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பொறியாளராகப் பணிபுரிந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

கோபுரங்களும் மதில்களும் சூழ்ந்த திருவரங்கத்து வீதிகள் அவர் எழுத்தில் நிலையாக இடம்பெற்றன. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்னும் தலைப்பில் தொகுக்கப்பட்ட கதைகளில் அவ்வூரின் திண்ணைகள், சிறுவர்களின் விளையாட்டு, அண்டை வீட்டாரின் விசித்திரங்கள் ஆகியவை உயிர்பெறுகின்றன. அக்கதைகளில் ஊரின் பெருமையை உரைக்கும் அடைமொழிகள் மிகுதியாக இல்லை. மாந்தர் பேசுகின்றனர், நடமாடுகின்றனர். ஊர் தானே தெரிகிறது. 'அழகான ஊர்' என்று சொல்வதைவிட ஒரு திண்ணையைக் காட்டுவது வலிமையானது என்பதை அவருடைய நடை உணர்த்துகிறது.

எல்லைக்குள் எழுதும் கலை

1965ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பட்ட இலக்கிய இதழ் கணையாழி. அதன் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்னும் பெயரில் எழுதியவரும் சுஜாதாவே. புத்தகம், கவிதை, அறிவியல், திரைப்படம் என எதைப் பற்றி எழுதினாலும் கிடைக்கும் இடம் சிறிது. அந்த எல்லைக்குள் கருத்தும் வேண்டும், சுவையும் வேண்டும். இத்தகைய இடக்குறுக்கம் விளம்பர எழுத்துக்கும் உரியது. செய்தித்தாளின் வரி விளம்பரத்தில் ஒவ்வொரு வரிக்கும் கட்டணம் உண்டு. ஆகவே, தேவையற்ற சொல்லை நீக்கும் பயிற்சி இரு துறையினருக்கும் பொதுவானது.

எழுத்தின் தோற்றத்தையே பொருளுணர்த்தும் கருவியாக்கும் உத்தியும் அவ்வாறே பொதுவானது. ஒருவர் படியிறங்குவதைக் கூறும்போது 'இறங்கினான்' என்னும் சொல்லின் எழுத்துகளைப் படிபடியாகத் தாழ்த்தி அச்சிடச் செய்தார் சுஜாதா. சொல் பொருளை உரைப்பதோடு நில்லாமல் அதை நடித்தும் காட்டியது. கண்ணைக் கவரும் இவ்வகை அமைப்பு விளம்பரத் தாள்களில் நாள்தோறும் காணப்படுவதே. உத்திகள் எல்லைகளைக் கடந்து செல்பவை என்பதற்கு இது சான்று.

தெரியுமா?

1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீவ் மாஸ் என்னும் இதழாசிரியர் 55 சொற்களில் கதை எழுதும் போட்டியைத் தொடங்கினார். இவ்வடிவத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர் சுஜாதா. 55 சொற்களுக்குள் கதைமாந்தர், சூழல், சிக்கல், முடிவு ஆகிய நான்கும் அமைதல் வேண்டும்.

விற்கும் எழுத்தின் இலக்கணம்

படைப்பெழுத்துக்கு இலக்கணம் உள்ளதுபோல விளம்பர எழுத்துக்கும் இலக்கணம் உண்டு. அமெரிக்கரான கிளாட் ஹாப்கின்ஸ் 1923ஆம் ஆண்டு இத்துறை பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். விளம்பரத்தோடு ஒரு சீட்டை அச்சிட்டு, அதை வெட்டி அனுப்பியோரின் எண்ணிக்கையைக் கொண்டு எந்த விளம்பரம் பயன் தந்தது என அளந்தறியும் முறையை அவர் வலியுறுத்தினார். எழுதியவருக்குப் பிடித்திருக்கிறதா என்பதைவிட, படித்தவர் என்ன செய்தார் என்பதே அவருக்கு உரைகல்.

இங்கிலாந்தில் பிறந்த டேவிட் ஓகில்வி இளமையில் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று சமையல் அடுப்பு விற்றவர். வாங்குவோர் கேட்கும் கேள்விகளை வாசலில் நின்று அறிந்தவர். 1948ஆம் ஆண்டு நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கிய பின்னரும் அவர் அப்பாடத்தை மறக்கவில்லை. வாங்குபவரை அறிவற்றவராகக் கருதலாகாது. அலங்காரச் சொற்களைவிட உண்மைத் தகவல்களே நம்பிக்கையை வளர்க்கும் என்பது அவர் கொள்கை. 1958ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் மகிழுந்துக்கு அவர் எழுதிய விளம்பரம் இதற்குச் சான்று. வண்டி விரைந்து செல்லும்போதும் கடிகார ஒலி கேட்கும் அளவுக்கு உள்ளே அமைதி நிலவும் என்னும் ஒரே செய்தி அதன் தலைப்பு. அதன்கீழ் வண்டியைப் பற்றிய தகவல்கள் எண்ணிட்டு வரிசையாகத் தரப்பட்டன. 'அமைதியான வண்டி' என்பதைவிடக் கடிகார ஒலி வலிமையாகப் பேசுகிறது. திருவரங்கத்துத் திண்ணையும் இக்கடிகார ஒலியும் ஒரே உத்தியின் இரு வடிவங்கள்: பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகக் காட்டுதல்.

ஒரே பொருள், இரு எழுத்து

இதுகாறும் கண்டவை ஒற்றுமைகள். வேற்றுமையை அறிய ஒரே பொருளை இருவகையில் எழுதிப் பார்த்தல் நன்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறை, முறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர். மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பொருளாகக் கொண்டு இப்பாடத்திற்கென எழுதப்பட்ட இரு பத்திகள் வருமாறு.

முதல் பத்தி:
வண்டி நகரத் தொடங்கியது. முறுக்குக்காரக் கிழவி சன்னலோரமாக ஓடிவந்து பொட்டலத்தை நீட்டினாள். அவன் சில்லறையைத் தேடி எடுப்பதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது. நீட்டிய கை எட்டவில்லை. தொலைவில் நின்றபடி அவள் சொன்னது மட்டும் கேட்டது: "திரும்பி வரும்போது கொடு, தம்பி!" அவன் படிப்பு முடிந்து வேலையில் சேர வடநாடு போய்க்கொண்டிருந்தான்.

இரண்டாம் பத்தி:
மணப்பாறை முறுக்கு. இன்று காலை சுட்டது. கடலை எண்ணெயில் பொரித்தது. ஒரு பொட்டலத்தில் இருபது முறுக்கு. விலை அறுபது ரூபாய். காற்றுப் புகாத கலத்தில் பத்து நாள் வைத்திருக்கலாம்.

இரண்டிலும் சொற்கள் குறைவு, வாக்கியங்கள் சிறியவை, மிகையான அடைமொழி ஒன்றும் இல்லை. ஆயின், இரண்டும் விட்டுவைத்தவற்றை நோக்கினால் வேறுபாடு விளங்கும். முதல் பத்தியில் முறுக்கின் சுவை கூறப்படவில்லை, விலையும் இல்லை. அவன் திரும்பி வந்தானா, வந்தபோது அவள் அங்கே இருந்தாளா, அந்தக் கடனை அவன் நினைவில் வைத்திருந்தானா என்பனவும் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளியைப் படிப்பவர் தம் வாழ்வைக்கொண்டு நிரப்புகிறார். ஊரைவிட்டுச் சென்ற அண்ணனோ, காத்திருக்கும் பாட்டியோ அவர் நினைவுக்கு வரலாம். சொல்லாமல் விட்டதே கதையின் ஆற்றல்.

இரண்டாம் பத்தியில் வாங்குபவர்க்குத் தேவையான எதுவும் விடப்படவில்லை. எப்போது சுட்டது, எந்த எண்ணெய், எத்தனை, என்ன விலை, எத்தனை நாள் இருக்கும் என ஐந்து கேள்விகளுக்கு விடை உள்ளது. இவற்றுள் ஒன்றை மறைத்தாலும் வாங்குபவர் இழப்புக்கு உள்ளாவார். பழைய முறுக்கை விற்பவர் 'இன்று காலை' என்பதை மட்டும் நீக்கிவிட்டால், எழுத்தில் பொய் இராது. எனினும் ஏமாற்று இருக்கும். ஆகவே, கதையில் விடுபடுவது வாசகருக்குத் தரப்படும் இடம். விளம்பரத்தில் விடுபடுவது வாசகரிடமிருந்து பறிக்கப்படும் உரிமை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அந்தக் கிழவி கற்பனை மாந்தர். அவ்வாறு ஒருத்தி இல்லை என்பதால் எவரும் ஏமாறுவதில்லை. கதை என அறிந்தே வாசகர் உள்ளே வருகிறார். ஆனால், கடலை எண்ணெய் கற்பனையாக இருத்தல் கூடாது. கதையில் புனைவு உரிமை. விளம்பரத்தில் புனைவு பொய்.

எல்லை உணர்ந்த எழுத்தாளர்

இவ்வெல்லையைத் தெளிவாக உணர்ந்து இருபுறமும் எழுதியவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' என்னும் புதினத்தில் ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசுகிறது, சிந்திக்கிறது, துணை நிற்கிறது. அது புனைவு. அவரே ஜூனியர் விகடன் இதழில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் தலைப்பில் வாசகர்களின் அறிவியல் வினாக்களுக்கு விடையளித்தார். அங்கே நடை கதையைப்போலவே எளிமையும் நகைச்சுவையும் கொண்டது. பொருளோ மெய்ம்மைக்குக் கட்டுப்பட்டது. அங்கு அவர் விற்க முயன்ற பொருள் எதுவும் இல்லை. எனினும், விளம்பர எழுத்தாளருக்கு வேண்டிய அடிப்படைப் பண்பு அதில் வெளிப்படுகிறது: சுவைக்காக உண்மையைக் கைவிடாமை. அறிவியலை மக்களிடம் கொண்டுசென்ற பணிக்காக 1993ஆம் ஆண்டு அவருக்குத் தேசிய விருது வழங்கப்பட்டது.

நன்னூல் தரும் அளவுகோல்

எழுத்தை மதிப்பிடும் அளவுகோலைப் பிறநாட்டு நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வகுத்துரைக்கிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகியன அழகுகளுள் சில. படைப்பெழுத்து, விளம்பர எழுத்து ஆகிய இரண்டுக்கும் இவை பொருந்தும். சுருக்கமும் விளக்கமும் அடுத்தடுத்து வைத்து எண்ணத்தக்கவை. விளங்காத சுருக்கம் புதிராகிவிடும். சுருங்காத விளக்கம் படிப்பவரைக் களைப்படையச் செய்யும்.

'உலகம் மலையாமை' என்பதும் பத்து அழகுகளுள் ஒன்று. உயர்ந்தோர் வழக்கோடு முரண்படாமை என்பது அதன் பொருள். 'மிகைபடக் கூறல்' குற்றங்களுள் ஒன்று. "உலகிலேயே சிறந்த முறுக்கு, இதை உண்டால் நோய் அணுகாது" என ஒருவர் விளம்பரம் எழுதினால், அது மிகைபடக் கூறலாகிறது, சான்றோர் ஏற்கும் நெறிக்கும் மாறாகிறது. உலகிலுள்ள முறுக்கு அனைத்தையும் உண்டு பார்த்தவர் எவருமிலர். 'சிறந்த' என்னும் சொல் எதையும் தெரிவிக்கவில்லை. 'நோய் அணுகாது' என்பதோ கேட்பவரின் அச்சத்தை விலைபேசுவது.

சட்டம் காக்கும் எல்லை

இவ்வகை மிகைக்கூற்று வெறும் நடைக்குற்றம் அன்று. உயிருக்கும் கேடு தரக்கூடும். நோய் தீருமென நம்பித் தக்க மருத்துவத்தைக் கைவிடுவோர் உளர். இதனை உணர்ந்தே, மருந்துகள் குறித்த தகாத விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1954ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே நெறி வகுத்துக்கொள்ள 1985ஆம் ஆண்டு இந்திய விளம்பரத் தரக் குழுமம் அமைந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் ஐம்பது இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க வழி செய்கிறது. இன்றியமையாத தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே என அச்சட்டம் வரையறுக்கிறது. 'இன்று காலை' என்னும் இரு சொற்களை நீக்கிய வணிகரின் செயலை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

எழுதுகோலின் பொறுப்பு

திருச்சிராப்பள்ளியின் கடைவீதிகளில் பெயர்ப்பலகைகளும் சுவரொட்டிகளும் நிறைந்துள்ளன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். நாளை அப்பணியை ஏற்போர் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களாகவும் இருக்கலாம். வேறு சிலர் கதை எழுதலாம். எல்லோரும் வாசகராக இருப்பர் என்பது உறுதி. கதையைப் படிக்கும்போது 'இதில் சொல்லப்படாதது என்னை எங்கே அழைத்துச் செல்கிறது?' என்று கேட்பவர் இலக்கியத்தை நுகர்கிறார். விளம்பரத்தைப் படிக்கும்போது 'இதில் சொல்லப்படாதது எது? ஏன் சொல்லப்படவில்லை?' என்று கேட்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

முக்கொம்பில் பிரியும் ஆறுகளுள் எது உயர்ந்தது என எவரும் வினவுவதில்லை. வயலுக்குச் செல்ல வேண்டிய நீர் வயலுக்கும், கடலுக்குச் செல்ல வேண்டிய வெள்ளம் கடலுக்கும் சென்றால் ஊர் வாழும். கரை உடைந்தால் இரண்டும் கேடாகும். எழுத்தின் கரை உண்மை. கதைக்கு அது உணர்வின் உண்மை; விளம்பரத்துக்கு அது தகவலின் உண்மை. இக்கரைகளைக் காப்பது எழுதுபவரின் கடன்.

நூல்வெளி

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட சுஜாதா (1935–2008) சிறுகதை, புதினம், நாடகம், அறிவியல் கட்டுரை, திரைக்கதை ஆகிய துறைகளில் எழுதியவர். 'நைலான் கயிறு', 'கனவுத் தொழிற்சாலை', 'என் இனிய இயந்திரா', 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' முதலியவை அவருடைய படைப்புகளுள் சில. எழுத விரும்புவோருக்கு வழிகாட்டும் வகையில் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' என்னும் நூலையும் எழுதினார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்குப் பெயர் தந்த பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதைப் பற்றி 55 சொற்களில் ஒரு கதையும், முப்பது சொற்களுக்குள் ஒரு விளம்பரமும் எழுதுக. இரண்டிலும் நீங்கள் விட்டுவைத்தவை யாவை எனப் பட்டியலிடுக.

2. நாளிதழ் விளம்பரம் ஒன்றை வகுப்பிற்குக் கொணர்ந்து, நன்னூல் கூறும் பத்து அழகுகள், பத்துக் குற்றங்கள் ஆகியவற்றுள் எவை அதில் அமைந்துள்ளன எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. "கதையில் புனைவு உரிமை, விளம்பரத்தில் புனைவு பொய்" – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.